சுரைப் பந்தலுக்கு எந்தக் கயிறு? ஐப்பசி மழை வரை தாங்குமா?

தண்டையார்பேட்டை மொட்டைமாடி | ஜூன் 25, மாலை 6.10

வணக்கம். ஆடிப்பட்டத்துக்கு இன்னும் மூன்று வாரங்களே இருக்கின்றன. சென்ற ஆண்டு எங்கள் மாடியில் நேர்ந்தது இந்த ஆண்டும் நேரக் கூடாது என்பதால், விதை வாங்குவதற்கு முன்பே கயிற்றைப் பற்றிக் கேட்டுவிடலாம் என்று இந்த இழையைத் தொடங்குகிறேன்.

கடற்காற்று தடையின்றி வந்து மோதும் மூன்றாம் மாடி எங்களுடையது. 12 அடிக்கு 10 அடி இடத்தில் நான்கு மூலைகளிலும் இரும்புக் குழாய் நிறுத்தி, மேலே சட்டம் போட்டு, அதில் குறுக்கும் நெடுக்குமாகக் கயிறு கட்டிச் சுரை, பீர்க்கு, புடலை ஏற்றுவது வழக்கம். சென்ற ஆண்டு தை மாதம் பழைய கயிற்றை அவிழ்த்துவிட்டு, ‘யானையைக் கட்டினாலும் அறாது’ என்று கடைக்காரர் சொல்லிக் கொடுத்த நீல நிறப் பிளாஸ்டிக் கயிற்றைக் கட்டினேன். கோடையில் கொடி ஏதும் வைக்கவில்லை. கயிறு மட்டும் வெயிலில் கிடந்தது. ஆடியில் விதைத்த சுரை புரட்டாசியில் காய்க்கத் தொடங்கி, ஐப்பசியில் பந்தலே தெரியாத அளவுக்குப் படர்ந்திருந்த நேரத்தில், ஓர் இரவு மழையும் காற்றும் சேர்ந்து அடித்ததில் நடுப்பகுதி முழுவதும் இறங்கிவிட்டது. விடிந்து பார்த்தால் பதினோரு பிஞ்சுகள் தரையில் கிடந்தன. அறுந்த நுனியைத் தொட்டபோது கயிறு நீலத் தூளாக உதிர்ந்தது. உள்ளங்கையில் சிலாம்பு போலக் குத்தியது.

சணல், தேங்காய் நார், நைலான், கம்பி என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். ஓர் ஆண்டு வெயிலையும் அதன் பின் வரும் மழையையும் தாங்கும் கயிறு எது என்று அனுபவத்தில் அறிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

கொளத்தூர் செடிவீடு | ஜூன் 25, இரவு 8.45

என் ஓட்டு மூன்று புரிச் சணலுக்கு. பருவம் முடிந்ததும் காய்ந்த கொடியோடு சேர்த்து அறுத்து எருக்குழியில் போட்டுவிடலாம். முடிச்சு அவிழ்க்கும் வேலையே இல்லை. சொரசொரப்பாக இருப்பதால் கொடியும் வழுக்காது. பிளாஸ்டிக் கயிறு என்ன ஆகும் என்பதை நீங்களே பார்த்துவிட்டீர்கள், அந்த நீலத் தூள் இப்போது உங்கள் தொட்டி மண்ணில்தான் இருக்கிறது.

காசிமேடு வலைவீடு | ஜூன் 25, இரவு 10.20

கொளத்தூர் நண்பர் தூளைப் பற்றிச் சொன்னது சரி. ஆனால் சணல் அவர் வீட்டுப் பந்தலில் தாங்குவதற்கும் தண்டையார்பேட்டை மூன்றாம் மாடியில் தாங்குவதற்கும் வேறுபாடு உண்டு. நான் வலைத் தொழில் செய்யும் குடும்பத்தில் பிறந்தவன். கயிற்றோடும் நூலோடுமே வளர்ந்ததால் சற்று விரிவாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளவும்.

முதலில், ‘பிளாஸ்டிக் கயிறு’ என்று ஒரே பெயரில் கடையில் விற்கப்படுபவை குறைந்தது நான்கு வகை. உங்களுடையது பாலிப்ரொப்பிலீனாக இருந்திருக்கும். தொட்டால் தட்டையான இழைகளாகப் பிரியும், விலை குறைவு, புதிதாக இருக்கும்போது வலுவும் உண்டு. ஆனால் வெயிலைத் தாங்குவதற்கான மருந்து சேர்க்காமல் செய்ததாக இருந்தால், நம் ஊர் வெயிலில் அது மேற்பரப்பிலிருந்து உள்நோக்கி அரிக்கப்பட்டுக்கொண்டே வரும். இழை தட்டையாக இருப்பதால் வெயில் படும் பரப்பும் அதிகம். நீங்கள் அக்னி நட்சத்திரம் முழுவதும் அதை வெறுமனே வெயிலில் விட்டுவிட்டு, இலையின் நிழல் கிடைக்கும் முன்பே அதன் வலுவைத் தீர்த்துவிட்டீர்கள். ஆடியில் விதை போட்டபோதே அந்தக் கயிறு பாதி செத்துவிட்டது என்பேன்.

இரண்டாவது, இழுவலைக்குப் பயன்படும் எச்.டி.பி.இ. (அடர்த்தி மிகுந்த பாலிஎத்திலீன்) நூலும் கயிறும். இதுவும் நீரில் மிதக்கும் வகைதான், ஆனால் இழைகள் உருண்டையாகவும் தடிப்பாகவும் இருக்கும். உப்பு நீரிலும் வெயிலிலும் மாறி மாறிக் கிடப்பதற்கென்றே வாங்கப்படுவதால், கருப்பு நிறத்தில் கிடைத்தால் அதையே கேளுங்கள். அந்தக் கருப்புக்குக் காரணம் கரித்தூள். வெயிலின் கேடு செய்யும் கதிர் உள்ளே போகாமல் அது தடுத்துவிடும்.

மூன்றாவது நைலான். செவுள்வலைக்கு நாங்கள் பயன்படுத்துவது அதைத்தான். வலுவில் குறையே சொல்ல முடியாது. ஆனால் நைலான் தண்ணீர் குடிக்கும்; நனைந்தால் பத்தில் ஒரு பங்குக்கு மேல் வலு குறையும், அத்துடன் பாரம் ஏறினால் நன்றாக நீண்டு கொடுக்கும். மீன் துள்ளும்போது அந்த நீட்சி வலைக்கு நல்லது. பந்தலுக்கோ, காய் பெருக்கப் பெருக்கக் கயிறு தொய்ந்து தலையில் இடிக்கும். நான்காவது பாலியெஸ்டர்: நீளாது, வெயிலையும் நன்றாகத் தாங்கும், விலைதான் கூடுதல்.

கடைக்காரர் எதை எந்தப் பெயரில் கொடுத்தாலும் ஒரு துண்டை வெட்டி, நன்றாக அலசிக் காற்றுக் குமிழ் போகக் கசக்கி, வாளித் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். பாலிப்ரொப்பிலீனும் எச்.டி.பி.இ.யும் மிதக்கும், நைலானும் பாலியெஸ்டரும் மூழ்கும். ‘நைலான்’ என்று சொல்லிக் கொடுத்தது மிதந்தால், அது நைலான் இல்லை.

சணலைப் பற்றி ஒன்று. பருத்தி வலை இருந்த காலத்தில் எங்கள் தாத்தா, நூல் இற்றுப்போகாமல் இருக்க மரப்பட்டையை வேகவைத்த சாற்றில் வலையைத் தோய்த்து உலர்த்துவாராம். அத்தனை பாடுபட்டும் அடிக்கடி புது வலை பின்ன வேண்டியிருந்தது. தாவர நார் ஈரத்தில் கிடந்தால் இறும். அதை எந்தச் சாறும் தள்ளிப்போடத்தான் செய்யும்.

தண்டையார்பேட்டை மொட்டைமாடி | ஜூன் 26, காலை 7.05

மிக்க நன்றி ஐயா. வாளிச் சோதனையை இப்போதே செய்து பார்த்தேன், மீதமிருந்த நீலக் கயிறு மிதக்கிறது. வீட்டில் ஒரு சுருள் தங்கூசி நரம்பு, அதாவது தூண்டிலில் கட்டும் மெல்லிய நரம்பு, இருக்கிறது. அது அறவே அறாது என்று என் மைத்துனர் சொல்கிறார். அதைப் பயன்படுத்தலாமா?

காசிமேடு வலைவீடு | ஜூன் 26, காலை 7.30

தங்கூசி அறாது, உங்கள் சுரைத்தண்டுதான் அறும். மெல்லிய நரம்பு காற்றில் ஆடும்போது கத்திபோல் தண்டில் இறங்கும். மைத்துனரைத் தூண்டில் போட அழைத்துச் செல்லுங்கள்.

திருவொற்றியூர் அக்கா | ஜூன் 26, பகல் 11.50

இதுவரை கயிற்றின் பக்கத்திலிருந்தே எல்லோரும் பேசுகிறீர்கள். கொடியின் பக்கத்திலிருந்தும் கொஞ்சம் பார்க்க வேண்டும் தம்பி.

சுரை, பீர்க்கு, புடலை, பாகல் எல்லாம் பற்றுக்கம்பி விட்டு ஏறுபவை. அந்தப் பற்றுக்கம்பி மெல்லிய சுருள். அது தன்னைச் சுற்றிக்கொள்ளத் தோதாகப் பென்சில் தடிமனோ அதற்குக் குறைவாகவோ இருக்கும் கயிறு வேண்டும். தடித்த வடக்கயிற்றைக் கட்டிவிட்டு ‘கொடி பிடிக்க மாட்டேன் என்கிறது’ என்று புலம்புபவர்களைப் பார்த்திருக்கிறேன். அவரையும் சங்குப்பூவும் பற்றுக்கம்பி விடுவதில்லை, தண்டாலேயே கயிற்றைச் சுற்றிக்கொண்டு ஏறும். அவற்றுக்கு வழுவழுப்பான நைலான் சரிப்படாது; மழை பெய்து கனம் கூடியதும் மொத்தக் கொடியும் கீழே சறுக்கி வந்து குவிந்துவிடும். சொரசொரப்பான சணலோ தேங்காய் நாரோதான் அதற்குப் பொருத்தம். வெற்றிலை கணுவில் வேர் விட்டு ஒட்டும், அதற்குக் கயிறே போதாது, ஈரம் பிடிக்கும் கம்போ நார் சுற்றிய குழாயோ வேண்டும்.

நான் இருபது ஆண்டுகளாகத் தேங்காய் நார்க் கயிறுதான் பயன்படுத்துகிறேன். இற்றுப்போவதில் சணலையும் தேங்காய் நாரையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது. நாரைக் கெட்டிப்படுத்தும் லிக்னின் என்ற பொருள் சணலில் நூற்றுக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று பங்குதான். தேங்காய் நாரில் நாற்பதுக்கும் மேல். அதனால்தான் உப்புத் தண்ணீரில் கிடந்தாலும் அது எளிதில் இறுவதில்லை. நம் கடற்கரையில் கட்டுமரத்தின் மரங்களைச் சேர்த்துப் பிணைத்ததும் கயிறுதானே, ஆணி அல்லவே.

குறை இல்லாமல் இல்லை. எங்கள் மாடியில் அணில்கள் கூடு கட்டுவதற்கு நாரை இழுத்துப் பிரித்து எடுத்துச் செல்கின்றன. மாசி, பங்குனியில் பார்த்தால் கயிறு தாடி வளர்த்ததுபோல் இருக்கும். அதற்காக மூலையில் ஒரு கைப்பிடி உதிரி நார் தொங்கவிடுகிறேன். அதை எடுத்துக்கொண்டு கயிற்றையும் எடுக்கின்றன.

பெரம்பூர் பட்டறை | ஜூன் 26, இரவு 9.15

பணியில் இருந்த காலத்தில் பாரம் தூக்கும் கயிறுகளையும் சாரத்தையும் பார்த்துக்கொண்டவன் என்ற முறையில் ஒரு கேள்வி: பந்தல் கயிற்றை எவ்வளவு இறுக்கமாகக் கட்டினீர்கள்?

தண்டையார்பேட்டை மொட்டைமாடி | ஜூன் 26, இரவு 9.22

நானும் மகனும் ஆளுக்கொரு பக்கம் நின்று, தட்டினால் வீணைத் தந்திபோல் ஒலிக்கும் அளவுக்கு இழுத்துக் கட்டினோம் ஐயா. தொய்ந்தால் பந்தல் அழகாக இருக்காது என்று நினைத்தேன்.

பெரம்பூர் பட்டறை | ஜூன் 26, இரவு 10.40

அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன். இப்போது கணக்கைப் பாருங்கள்.

பத்து அடி இடைவெளியில் ஒரு கயிறு கிடைமட்டமாகக் கட்டியிருக்கிறது, அதன் நடுவில் மூன்று கிலோ தொங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டு முற்றிய சுரைக்காய் இருந்தால் அவ்வளவு ஆகிவிடும். நடுப்பகுதி ஓர் அடி தொய்ந்து நின்றால், கயிற்றில் ஏறும் இழுவிசை ஏறக்குறைய ஏழரை கிலோ. அரை அடி மட்டும் தொய்ந்தால் அது 15 கிலோ ஆகும். ஒன்றரை அங்குலம் மட்டுமே தொய்ய விட்டீர்களானால் 60 கிலோ. காயின் எடை மாறவே இல்லை. உங்கள் இறுக்கம்தான் மூன்று கிலோவை அறுபது கிலோவாக ஆக்கியது. உண்மையில் கயிறு கொஞ்சம் நீண்டு கொடுப்பதால் இந்த அளவு அப்படியே ஏறாது என்றாலும், நீண்டு கொடுக்காத நல்ல கயிற்றை வாங்கி விறைப்பாகக் கட்டுபவர் இந்தக் கணக்கை நோக்கியே போகிறார். இதன் மேல் நனைந்த இலையின் எடையும் காற்றின் உதறலும் இருக்கின்றன.

அடுத்தது முடிச்சு. எந்தக் கயிற்றிலும் முடிச்சு விழும் இடத்தில் இழைகள் மடங்கி நசுங்குவதால், சாதாரண முடிச்சில் ஏறக்குறைய பாதி வலு போய்விடும். நூறு கிலோ தாங்கும் கயிற்றை முடிந்து கட்டினால் அது ஐம்பது கிலோ கயிறு என்று வைத்துக்கொண்டு வாங்குங்கள். முடிந்த வரை குழாயின் மேல் மூன்று, நான்கு சுற்றுச் சுற்றிவிட்டு அதன் பிறகு முடிச்சைப் போடுங்கள். சுற்றிலேயே பெரும்பகுதி இழுவை அடங்கிவிடும், முடிச்சுக்கு வேலை குறையும். எச்.டி.பி.இ. வழுக்கும் கயிறு என்பதால் ஒரு முடிச்சு கூடுதலாகப் போட்டு, நுனியை மெழுகுவர்த்தியில் காட்டி உருக்கிவிடுவது நல்லது.

மூன்றாவதாக, அறுந்தது எந்த இடத்தில் என்று நினைவிருக்கிறதா? நடுவிலா, குழாயின் ஓரத்திலா?

தண்டையார்பேட்டை மொட்டைமாடி | ஜூன் 27, காலை 6.50

இரண்டு கயிறுகள் நடுவில் அறுந்திருந்தன. மற்ற ஐந்தும் குழாயைச் சுற்றிய இடத்தில்தான். குழாயில் துரு செதில் செதிலாக நிற்கிறது. கடல் பக்கம் இருக்கும் இரண்டு குழாய்களும் மோசம்.

பெரம்பூர் பட்டறை | ஜூன் 27, காலை 8.00

அப்படியானால் பாதிக் குற்றவாளி அந்தத் துருதான். ஒவ்வொரு காற்றுக்கும் கயிறு அந்தச் செதிலின் மேல் அரம் போட்டதுபோல் உராய்ந்திருக்கிறது. உப்புத்தாளால் தேய்த்து, துருத் தடுப்புப் பூச்சு அடித்து, கயிறு சுற்றும் இடங்களில் பழைய சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றிவிடுங்கள். இதைச் செய்யாமல் எந்தக் கயிறு வாங்கினாலும் பணம் வீண். கம்பியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள்; துத்தநாகப் பூச்சுக் கம்பியும் உங்கள் காற்றில் சில ஆண்டுகளில் இதே துருவுக்குத்தான் வரும். அது போக, சித்திரை வெயிலில் சூடேறிய கம்பி இளந்தளிரைத் தீய்த்துவிடும் என்பது என் வீட்டுப் பாகலில் கண்டது.

கொளத்தூர் செடிவீடு | ஜூன் 27, மாலை 5.30

எல்லாம் சரி, ஆனால் கடைசியில் எல்லோரும் பிளாஸ்டிக்கிலேயே வந்து நிற்கிறீர்களே என்பதுதான் என் வருத்தம். கருப்புக் கயிறானாலும் ஒரு நாள் அதுவும் தூளாகத்தானே போகிறது? வீட்டுக் காய் சாப்பிட வேண்டும் என்று மாடியில் பாடுபடுகிறோம், அதே மண்ணில் பிளாஸ்டிக்கை உதிர விடுகிறோம்.

காசிமேடு வலைவீடு | ஜூன் 27, மாலை 6.45

மறுக்கவில்லை. ஆனால் தூளாகும் வரை விட்டுவைப்பது கயிற்றின் குற்றம் அன்று, கட்டியவரின் குற்றம். நகத்தால் அழுத்திச் சுரண்டிப் பாருங்கள். பொடி ஒட்டினாலோ, நிறம் வெளிறி இழைகள் மயிர்போல் சிலிர்த்து நின்றாலோ, அந்தப் பருவமே அவிழ்த்துவிட வேண்டும். பருவம் இல்லாத மாதங்களில் கழற்றிச் சுருட்டி நிழலில் வைத்தால் ஒரே கயிறு பல ஆண்டுகள் வரும். வலையைக் கரையில் வெயிலில் விட்டுவிட்டு வீட்டுக்குப் போகும் மீனவர் உண்டா?

திருவொற்றியூர் அக்கா | ஜூன் 27, இரவு 8.10

இருவரும் ஒரே பந்தலுக்கு ஒரே கயிறு என்று நினைத்துக்கொண்டு வாதிடுவதாகத் தோன்றுகிறது. மேலே பாரம் தாங்கும் சட்டக் கயிறுகள் பத்துப் பன்னிரண்டுதான்; அவற்றை மட்டும் நான்கு மில்லிமீட்டர் கருப்பு எச்.டி.பி.இ.யில் கட்டிக்கொள்ளட்டும். அவற்றுக்கு நடுவே பற்றுக்கம்பிக்கான சின்னக் கட்டங்களைத் தேங்காய் நாரில் பின்னலாம். தொட்டியிலிருந்து மேலே ஏற்றிவிடும் கயிறு சணலாக இருக்கட்டும். அது தாங்க வேண்டியது இரண்டு மாதம், கொடி தன் காலில் நிற்கும் வரை. கொடி முற்றியதும் அதையும் சேர்த்தே அறுக்கலாம், கொளத்தூர்க்காரருக்கும் மனம் குளிரும்.

தண்டைக் கயிற்றோடு சேர்த்துக் கட்டும்போது மட்டும் வாழைநாரோ, பூ கட்டும் பருத்தி நூலோ போதும். எட்டுப் போல் ஒரு வளையம் தண்டுக்கு, ஒரு வளையம் கயிற்றுக்கு, நடுவில் குறுக்கு. தண்டு பருக்க விரல் நுழையும் இடம் விடுங்கள்.

இன்னொன்று. தார்க் கயிறு, மீன்வலைத் துண்டு என்று சிலர் இலவசமாகக் கிடைத்ததைப் பந்தலின் மேல் விரித்துவிடுகிறார்கள். எங்கள் தெருவில் ஒரு வீட்டில் அப்படி விரித்த பழைய செவுள்வலையில் புல்புல் குருவி ஒன்று கால் சிக்கிச் செத்துக் கிடந்தது. அதற்குப் பிறகு அவர்கள் அதைக் கழற்றிவிட்டார்கள்.

பெரம்பூர் பட்டறை | ஜூன் 27, இரவு 9.30

அக்காவின் ஏற்பாடு நன்றாக இருக்கிறது. ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள்: நார்க் கயிறு நனைந்தால் நீளம் குறைந்து விறைக்கும், காய்ந்தால் தளரும். ஈரத்தில் ஒவ்வோர் இழையும் ஊதிப் பருப்பதால் முறுக்கு இறுகுகிறது. துணி காயப்போடும் கயிறு மழையில் விறைப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஆகவே நார்க் கட்டங்களை வெயில் நாளில் இழுத்துக் கட்டாமல் ஒரு சாண் தளர்வு விட்டே கட்ட வேண்டும். இல்லையென்றால் முதல் மழையிலேயே அது சட்டக் கயிறுகளை உள்நோக்கி இழுக்கும்.

புயல் எச்சரிக்கை வந்தால் கயிற்றை நம்ப வேண்டாம். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் வந்தபோது எங்கள் பக்கத்தில் படர்ந்த பந்தலோடு நின்ற குழாய்கள் வளைந்தன. முந்தின நாளே கொடியை அறுத்து இறக்கிய என் பக்கத்து வீட்டுக்காரரின் குழாய்கள் நின்றன. பந்தலின் ஒரு பக்கத்து முடிச்சுகளை மட்டும் இழுத்தால் அவிழும் உருவு முடிச்சாகப் போட்டு வைத்தால், அவசரத்தில் ஐந்து நிமிடத்தில் படுதாவைப்போல் மறுபக்கம் மடக்கிவிடலாம்.

தண்டையார்பேட்டை மொட்டைமாடி | ஜூலை 6, மாலை 7.00

காசிமேட்டில் வலைக்கடையில் கருப்புக் கயிறு கிடைத்தது. ஒரு துண்டு கேட்டு வாங்கி, அங்கேயே தண்ணீர்ப் பாத்திரத்தில் மிதக்கவிட்டுப் பார்த்தேன். கடையில் இருந்த பெரியவர் சிரித்துவிட்டு, ‘யார் சொல்லிக் கொடுத்தது?’ என்று கேட்டார். துருவைத் தேய்த்துப் பூச்சு அடித்து, சைக்கிள் டியூப் சுற்றியாகிவிட்டது. சட்டக் கயிறுகளில் நடுவில் முக்கால் அடி தொய்வு விட்டிருக்கிறேன். என் மகன் பார்த்துவிட்டு, ‘என்னப்பா, ஊஞ்சல் கட்டியிருக்கிறீர்களா?’ என்கிறான்.

தண்டையார்பேட்டை மொட்டைமாடி | நவம்பர் 23, காலை 8.20

பலர் தனிச்செய்தியில் கேட்டதால் எழுதுகிறேன். இந்த ஐப்பசியில் மூன்று முறை பலத்த மழையும் காற்றும் வந்தன. சட்டக் கயிறு ஒன்றுகூட அறவில்லை, நகத்தால் சுரண்டினால் பொடியும் வரவில்லை. தேங்காய் நார்க் கட்டங்களில் நான்கைந்து இடங்களில் அணில் வேலை செய்திருக்கிறது. கட்டம் பெரிதாகிவிட்டதே தவிர விழவில்லை. இதுவரை பறித்தது இருபத்துமூன்று சுரைக்காய்.

தோற்றது சணல்தான், ஆனால் நான் நினைத்த இடத்தில் இல்லை. அவரைக்குக் கட்டிய ஆறு கயிறுகளில் நான்கு, மேலே எல்லாம் நன்றாக இருக்க, தொட்டி மண்ணைத் தொடும் இடத்தில் மட்டும் கறுத்து இற்று விட்டுப்போயின. அவரை ஏறி முடித்துவிட்டதால் சேதமில்லை என்றாலும், காற்றில் கொடி அடியிலிருந்து ஊசலாடுகிறது. அடுத்த முறை என்ன செய்யலாம்?

திருவொற்றியூர் அக்கா | நவம்பர் 23, பகல் 12.15

சணலை மண்ணில் புதைத்தீர்களா? மண்ணிலிருந்து ஒரு சாண் உயரம் வரை மீதமிருக்கும் கருப்புக் கயிற்றில் ஒரு வளையம் செய்து தொட்டி விளிம்பின் துளையில் மாட்டி, சணலை அந்த வளையத்தில் முடியுங்கள். இப்போதைக்கு அந்த நான்கு கொடிகளின் அடியிலும் ஒரு மூங்கில் குச்சி ஊன்றி, எட்டுக் கட்டுப் போட்டால் தை வரை காய்க்கும்.